இரண்டு அங்குலம் கூடிப்போன வைப்பர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் கால்வாய் ஓரம் நிற்க வேண்டாம், வெள்ளம் தேங்கிய சாலைகளைத் தவிர்க்கவும் என்று அறிவிப்புகள் வருகின்றன. அவை வர வேண்டியவைதாம். ஆனால், கொட்டும் மழையில் கார் ஓட்டுகிறவரின் கண்ணுக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது ஒரு கண்ணாடியும் அதைத் துடைக்கும் முழ நீள ரப்பரும்தான் என்பதைப் பற்றி யாரும் பேசக் காணோம். அந்த ரப்பரைத் தேர்ந்தெடுப்பதிலும் மாற்றுவதிலும் நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சக வாகனமோட்டிகளுக்குச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். ‘துடைப்பான்’ என்று எழுத ஆசைதான். ஆனால் தேக்கா சந்தையில் போய்த் துடைப்பான் கேட்டால் தரை துடைக்கும் மாப்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள் என்பதால், எல்லாரும் சொல்வதுபோல் வைப்பர் என்றே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு வழக்கமான சர்வீசுக்காகக் காரை ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்த இளைஞர், “அங்கிள், வைப்பரும் போய்விட்டது, மாற்றிவிடட்டுமா?” என்று கேட்டார், கைப்பேசியைப் பார்த்தபடியே தலையாட்டினேன். இரண்டு பிளேடுக்குமாக (வைப்பரில் ரப்பர் பொருத்திய பகுதிதான் பிளேடு) 68 வெள்ளி, அதாவது 68 சிங்கப்பூர் டாலர், பில்லில் ஏறியது. கழற்றிய பழையதை நான் பார்க்கவுமில்லை, புதியதன் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கவுமில்லை.

மூன்றாம் நாள் இரவு மரினா பக்கமிருந்து ஈசூனில் உள்ள வீட்டிற்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கப் பகுதியில் காய்ந்த சாலையில் நிம்மதியாக வந்தவன், சுரங்கத்தை விட்டு வெளியே வந்த கணத்தில் அருவிக்கு அடியில் புகுந்தாற்போல் ஆனேன். வைப்பரை அதிவேக நிலைக்குத் தட்டினேன். நாலைந்து முறை வீசியிருக்கும். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. எனக்கு நேர் எதிரே இருந்த பிளேடின் நுனி, கீழே இறங்கும்போது இடப்பக்க வைப்பரின் கையில், அதாவது பிளேடைத் தாங்கும் இரும்புத் தண்டில் இடித்து, அதன் மேலேறி மாட்டிக்கொண்டது. மோட்டார் முனகுகிறது, வைப்பரின் இரண்டு கைகளும் நடுங்குகின்றனவே தவிர எழவில்லை. முன்னால் போகும் வண்டிகளின் சிவப்பு விளக்குகள் கண்ணாடி முழுவதும் கரைந்து வழிந்தன. வேகத்தைக் குறைத்து, இடப்பக்கத் தடத்திற்கு மெல்ல ஒதுங்கி, அடுத்த வெளிவழியில் இறங்கி, ஒரு பெட்ரோல் நிலையத்தின் கூரையடியில் போய் நின்றபோதுதான் மூச்சு வந்தது.

அங்கிருந்த ஊழியரிடம் அளவு நாடா வாங்கி அளந்து பார்த்தேன். என் காருக்கு ஓட்டுநர் பக்கம் 24 அங்குலம், பயணி பக்கம் 16 அங்குலம் என்று கையேட்டில் தெளிவாக இருக்கிறது. ஓட்டுநர் பக்கம் மாட்டியிருந்ததோ 26 அங்குலம். மறுநாள் பட்டறையில் கேட்டதற்கு, 24 இருப்பில் இல்லை, இரண்டு அங்குலம் கூடினால் பார்வைதானே கூடும் என்று பதில் வந்தது. கூடாது. பிளேடு நீண்டால் மேலே போகும்போது கண்ணாடியோரத் தூணைத் தட்டும். கீழே வரும்போது அடுத்த கையில் இடிக்கும். அதுவரை பெய்தது தூறல்தான் என்பதால் மெதுவான வேகத்தில் தப்பித்தது. வேகமாக ஓடும்போது கையின் வீச்சு சற்றே நீளும், இணைப்புகளில் உள்ள தளர்ச்சியும் அதோடு சேரும். அன்றைக்கு மழை வலுத்த பிறகு குட்டு வெளிப்பட்டது.

இதைப் பெரிதாக்குகிறேன் என்று நினைப்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். அதிவேக நிலையில் வைப்பர் நிமிடத்திற்குக் குறைந்தது 45 முறையாவது போய்வர வேண்டும் என்பது அமெரிக்கத் தரவிதி. அந்தக் குறைந்தபட்ச வேகத்தில் ஓடும் வைப்பர் ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் கார் 33 மீட்டர் கடந்துவிடும். அப்படியானால் ஒரே ஒரு வீச்சு சரியாகத் துடைக்காமல் போனால்கூட, அடுத்த வீச்சு வரும்வரை மூன்று பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ ஏறக்குறைய அவ்வளவு தொலைவைக் கலங்கிய கண்ணாடி வழியாகத்தான் கடக்கிறோம்.

ஆகவே முதல் வேலை அளவெடுப்பது. கார்க் கையேட்டில் இருக்கும். இல்லாவிட்டால் இப்போது மாட்டியிருக்கும் பிளேடின் ரப்பரை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அளந்தால் போதும், ஆனால் அதையே முன்பு யாராவது தவறான அளவில் மாட்டியிருக்கக்கூடும் என்பதால் கையேடுதான் நம்பகமானது. பெட்டிகளில் அங்குலமும் மில்லிமீட்டரும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். 16 அங்குலம் என்பது 400, 24 என்பது 600. இணையப் பட்டியல்களைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்கு ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். நீளமான பிளேடும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். இடப்பக்கம் அமர்ந்து ஓட்டும் நாடுகளுக்காகத் தயாரித்த பட்டியலில் அதே காருக்கு இடம் வலம் மாறியிருக்கும், சில வேளைகளில் அளவே வேறாகவும் இருக்கும். பின்கண்ணாடி வைப்பருக்குத் தனி அளவு, தனிப் பூட்டு.

அளவு பொருந்தினால் மட்டும் போதாது, பூட்டும் பொருந்த வேண்டும். ஜப்பானிய, கொரியக் கார்களில் பெரும்பாலும் கையின் நுனி தூண்டில் முள்போல் வளைந்த கொக்கியாக இருக்கும். ஐரோப்பியக் கார்களில் அழுத்துபொத்தான், பக்கவாட்டு முளை என்று பல மாதிரிகள் உண்டு. எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பிளேடுகளுடன் ஒரு கை நிறைய பிளாஸ்டிக் துண்டுகள் வருகின்றன. அவற்றுள் சரியானதை எடுத்து, ‘க்ளிக்’ என்ற சத்தம் கேட்கும்வரை உட்கார வைக்க வேண்டும். பாதி மாட்டிய பிளேடு விரைவுச்சாலையில் பறந்துபோனால், மிஞ்சும் வெறும் இரும்புக் கை கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு நிரந்தரக் கோடு கிழித்துவிடும்.

இனி வகைகள். இரும்புச் சட்டம் கொண்ட பழைய மாதிரி, சட்டமே இல்லாத தட்டை மாதிரி, சட்டத்தின் மேல் உறை போட்ட ஹைப்ரிட் என மூன்று. தட்டை மாதிரிதான் சிறந்தது என்று விற்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். அதற்குள் இருக்கும் வளைந்த எஃகுப் பட்டை ரப்பரை நெடுகவும் சீராக அழுத்தும், வேகத்தில் காற்று தூக்காது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த எஃகின் வளைவும் உங்கள் கண்ணாடியின் வளைவும் ஒத்துப்போகாவிட்டால் நுனிகள் இரண்டும் கண்ணாடியைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். சட்டத்தில் பனி அடைத்துக்கொள்ளாது என்பதும் தட்டை மாதிரிக்குச் சொல்லப்படும் இன்னொரு பெருமை. ஈசூனில் பனி பெய்யும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம். காரோடு வந்தது சட்ட வகை என்றால் அதையே தொடர்ந்து மாட்டுவதில் ஒரு குறையும் இல்லை, செலவும் குறைவு என்பது என் கருத்து. பல சட்ட வகைகளிலும் ஹைப்ரிட் வகைகளிலும் ரப்பர் பட்டையை மட்டும் உருவி மாற்றலாம் என்பதையும், அதற்கான மாற்று ரப்பர் தனியே கிடைக்கிறது என்பதையும் பல ஆண்டுகள் கார் ஓட்டிய பிறகே அறிந்தேன். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ரப்பரைப் பற்றிச் சற்று அதிகமாக எழுத ஆசிரியர் அனுமதிக்க வேண்டும். என் தந்தையார் மலேசியாவின் ஜோகூரில் ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பாலெடுத்தவர். அந்த மரங்களின் முன்னோர்கள் நம் தாவரவியல் பூங்காவுக்கு 1877ஆம் ஆண்டு இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த 22 கன்றுகள் என்பதும், மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைப் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி இங்கேதான் செம்மைப்படுத்தினார் என்பதும் வரலாறு. வைப்பர்களில் இன்றும் இயற்கை ரப்பர் பரவலாகப் பயன்படுகிறது. வளைந்து கொடுப்பதில் அதற்கு இணை குறைவு. அதன் பகை வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும். இரண்டும் சேர்ந்து ரப்பரை இறுக்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கி, விளிம்பைப் பிய்த்துவிடும். அதனால்தான், சாங்கி வானிலை நிலையத்தின் நீண்டகாலச் சராசரிப்படி ஆண்டில் 171 நாள் மழை பெய்யும் ஊராக இருந்தும், நம் வைப்பரைத் தின்பது மழையைவிட வெயில்தான். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் கூரையில்லாத மேல்தளத்திலோ திறந்தவெளியிலோ நாள்தோறும் நிற்கும் காருக்கும், கீழ்த்தளத்தில் நிழலில் நிற்கும் காருக்கும் பிளேடின் ஆயுளில் பெரிய வேறுபாடு உண்டு. ஆறு மாதத்திற்கு ஒருமுறை, ஓராண்டுக்கு ஒருமுறை என்று பெட்டியில் போட்டிருப்பதை எல்லாருக்கும் ஒரே அளவுகோலாக எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுவே. சிலிக்கோன் ரப்பர் வெயிலை இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். எப்போதும் திறந்தவெளியில் நிறுத்துபவருக்கு அது தகும்.

மாற்ற வேண்டிய நேரத்தை நாள்காட்டி சொல்வதைவிடக் கண்ணாடியே நன்றாகச் சொல்லும். மெல்லிய கோடுகள் விழுந்தால் விளிம்பில் அழுக்கு ஒட்டியிருக்கிறது அல்லது கீறல் விழுந்திருக்கிறது. அகலமான பட்டையாக ஓரிடம் துடைபடாமல் நின்றால் சட்டம் வளைந்திருக்கும், அல்லது கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்; ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எத்தனை பிளேடு மாற்றினாலும் பட்டை போகாது. தடதடவென்று துள்ளித் துள்ளி ஓடினால், ரப்பரின் விளிம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் மறுபக்கம் சாய மறுக்கிறது என்று பொருள். வைப்பர் மேலே போகும்போது அந்த மெல்லிய உதடு கீழ்நோக்கிச் சாய்ந்து இழுபட வேண்டும், கீழே வரும்போது மேல்நோக்கிச் சாய வேண்டும். வாரக்கணக்கில் வெயிலில் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்து இறுகிவிட்டால் அது ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் முட்டும்.

எங்கள் புளோக்கில் இருக்கும் மலாய்ப் பெரியவர், முன்பு லாரி ஓட்டியவர், ஒரு சோதனை காட்டிக்கொடுத்தார். வைப்பரின் கையைத் தூக்கி, ரப்பர் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓட்ட வேண்டும். நல்ல ரப்பரில் நகம் நூல்மேல் போவதுபோல் தடையின்றிப் போகும். கெட்டதில் ரம்பத்தில் மாட்டுவதுபோல் அங்கங்கே நிற்கும். அவர் என் பிளேடை அப்படிப் பார்த்துவிட்டு, உடனே வாங்கச் சொல்லாமல், ஈரத்துணி ஒன்றைக் கேட்டார். விளிம்பைத் துணியால் கிள்ளிப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். துணியில் மைக்கோடு போட்டதுபோல் கறுப்பு. மூன்றாவது இழுப்பில் கோடு வெளுத்தது. அன்று மாலை மழையில் அந்தப் பிளேடு மறுபடி ஒழுங்காகத் துடைத்தது.

குற்றம் பாதி நேரம் பிளேடில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். முன்னால் போகும் வண்டிகளின் புகை, கார் கழுவும் இடத்தில் பூசும் மெழுகு, தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் சொட்டும் பிசின் எல்லாம் கண்ணாடியில் எண்ணெய்ப் படலமாகப் படிகின்றன. இரவில் எதிர்வரும் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால், வைப்பர் கடந்த உடனே ஒரு கணம் பனிமூட்டம்போல் மங்கித் தெளிந்தால், படலம் இருக்கிறது என்று கொள்ளலாம். இதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பிளேடை மாட்டினாலும் தடதடக்கத்தான் செய்யும். கண்ணாடிப் படலம் நீக்கும் பசையைக் கடைகளில் வாங்கித் தேய்த்துக் கழுவினால் போய்விடும். பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ ரப்பரில் தொடக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். தெளிப்பான் தொட்டியில் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றுவோரும் இருக்கிறார்கள். நுரை கண்ணாடியை மறைக்கும் என்பதோடு, காய்ந்தால் அதுவே ஒரு படலமாகும்.

மாற்றும் வேலைக்குப் பத்து நிமிடம் போதும். வெயிலில்லாத இடத்தில், கார் அணைந்த நிலையில் செய்ய வேண்டும். சில கார்களில் கைகள் எஞ்சின் மூடிக்கு அடியில் ஒளிந்திருப்பதால், கையேட்டில் சொன்னபடி முதலில் அவற்றைப் பராமரிப்பு நிலைக்கு மேலே கொண்டுவர வேண்டும். பிறகு, கையைத் தூக்குவதற்கு முன்பாகவே, ஒரு கனத்த துவாலையை நாலாக மடித்துக் கண்ணாடியின்மேல் விரித்துவிடுங்கள். பிளேடு கழன்ற கையில் ஸ்பிரிங்கின் முழு விசையும் இருக்கும். அது நழுவி வெறும் கண்ணாடியில் விழுந்தால் அந்த ஒரு அடிக்கே விரிசல் விடும், முப்பது வெள்ளி வேலை முன்கண்ணாடி மாற்றும் வேலையாக முடியும். கொக்கி வகையில், பிளேடைக் கைக்குக் குறுக்காகத் திருப்பினால் நடுவில் ஒரு சிறிய நாக்கு தெரியும்; அதை அழுத்திக்கொண்டு பிளேடைக் கையின் அடிப்பக்கம் நோக்கித் தள்ள வேண்டும். மேல்நோக்கி இழுப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நானும் முதல்முறை அப்படி இழுத்துப் பிளாஸ்டிக்கை உடைத்தேன். புதியதை எதிர்த்திசையில் ஏற்றி, ‘க்ளிக்’ கேட்டபின் ஒருமுறை இழுத்துப் பார்த்து, கையை விரலால் பிடித்தபடியே மெல்ல இறக்க வேண்டும். ரப்பர்மேல் உள்ள பிளாஸ்டிக் பாதுகாப்பு உறையை உருவ மறந்து, புதுப் பிளேடே துடைக்கவில்லை என்று கடைக்குத் திரும்பியவர்களும் உண்டு. கடைசியாகத் தண்ணீர் தெளித்து, மெதுவான வேகத்திலும் அதிவேகத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அன்று பட்டறையில் இந்த ஒன்றைச் செய்திருந்தாலே என் தொல்லை அங்கேயே தீர்ந்திருக்கும்.

மூன்று ஆண்டுகள் ஆனபின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டுகள் கடந்தபின் ஆண்டுதோறும் காரைச் சோதனைக்கு அனுப்புகிறோமே, அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்க முடியாது. இரண்டு சோதனைகளுக்கு இடையில் இரண்டு பருவமழைகளும், விடியற்காலையில் வீசியடிக்கும் சுமத்ரா காற்றுமழைகள் எத்தனையோவும் வந்துபோய்விடும். ஜோகூர் போகும்போது மலிவாக வாங்கிவரலாம் என்பவர்களுக்கும் தடையில்லை. அளவும் பூட்டின் படமும் கைப்பேசியில் இருக்கட்டும். அலமாரியில் நெடுநாள் கிடந்த ரப்பரும் முதுமையடையும் என்பதால், பெட்டியைத் திறந்து விளிம்பை நகத்தால் ஓட்டிப் பார்த்து வாங்கவும்.

பட்டறை நடத்துவோரிடமும் பெட்ரோல் நிலையங்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வைப்பரை மாற்றும்போது, கழற்றியதையும் மாட்டப்போவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். பில்லில் ‘வைப்பர் ஒரு ஜோடி’ என்று மொட்டையாக எழுதாமல் இரண்டு பிளேடுகளின் அளவையும் தனித்தனியே எழுதுங்கள். சரியான அளவு இருப்பில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். என் 26 அங்குலப் பிளேடை அந்தப் பட்டறை திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை; அது இன்னும் என் வீட்டுச் சேமிப்பறையில் புதிதாகவே கிடக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன்